கட்டபொம்மனை நேரில் கண்டவர்களா?

அண்ணாச்சி, நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலையைப் பற்றிய பதிவில், 'அவர் ஊர் ஊராகப் போய், கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதை நேரில் கண்ட கிழவர்களைப் பேட்டி எடுத்தார்' என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கு உதைக்கிறதே! கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. நாங்குநேரியில் வானமாமலை பிறந்தது 1917-ல். இடையில் 118 ஆண்டுகள்.

அவர் திரட்டியது கதைப்பாடல்கள். பார்த்தவர் சொல்லிக் கேட்டவர், கேட்டவரிடம் கேட்டவர் என வாய் மாறி வந்தவை. அதனால் மட்டம் என்று நான் சொல்லவில்லை. சண்டை எந்தத் தேதியில் நடந்தது என்பதற்குக் கிழக்கிந்தியக் கும்பினியின் கடிதங்களைத்தான் பார்க்க வேண்டும். தோற்றவனைச் சனங்கள் எப்படி நினைவில் வைத்தார்கள் என்பதற்கு அந்தக் கடிதங்கள் உதவாது. தூக்கிலிட்ட இடத்தில் வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல்லாகப் போட்டுக் குவியலே எழுந்ததே, அந்த மனதைப் பாட்டில்தான் பிடிக்க முடியும்.

கண்ணால் கண்டவரிடம் கேட்பது வேறு வேலை. மணியாச்சியில் 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷ் சுடப்பட்டபோது பத்து வயதுப் பையனாக இருந்தவருக்கு 1971-ல் எழுபது வயது. அவரிடம் கேட்டிருக்கலாம். அப்போதும் அவர் பார்த்தது எது, பின்னால் கேள்விப்பட்டுச் சேர்த்துக்கொண்டது எது என்று பிரிக்க வேண்டும். பாதி உழைப்பு அதில்தான் போகும். உங்கள் பதிவில் 'நேரில் கண்ட' என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள், அண்ணாச்சி.