பேட்மேன் ஃபாரெவரின் குறை அதன் வண்ணங்களில் இல்லை

பேட்மேன் படங்களைப் பற்றிய பேச்சில் இயக்குநர் ஜோயல் ஷூமாக்கர் பெயர் வந்ததுமே ஒரு நையாண்டிச் சிரிப்பு எழுந்துவிடுகிறது. முந்தைய படங்களின் இயக்குநர் டிம் பர்ட்டன் கட்டியெழுப்பிய, பேட்மேனின் இருண்ட கோதம் நகரத்தில் நியான் விளக்குகளை எரியவிட்டவர், நாயகனின் கவசத்தில் மார்புக்காம்பு வைத்தவர் என்று சொல்லி அவர் கணக்கை முடித்துவிடுகிறார்கள். 1995இல் வந்த 'பேட்மேன் ஃபாரெவர்' படத்தையும் 1997இல் வந்த 'பேட்மேன் அண்ட் ராபின்' படத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒதுக்கிவிடும் இந்தப் பழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. முந்தைய படங்களின் இருளைவிட்டு வந்ததற்காக ஃபாரெவரைத் திட்டுபவர்கள், அது உண்மையில் எங்கே சறுக்கியது என்பதைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

அந்த மாற்றத்துக்கான காரணம் ஒன்றும் ரகசியமில்லை. 1992இல் வந்த 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தில் வில்லன் பென்குயினின் வாயிலிருந்து கறுப்பாக ஏதோ வழிந்துகொண்டே இருக்கும். ஒருவருடைய மூக்கை அவர் கடித்துக் குதறுவார். கோதம் நகரத்து வீடுகளின் தலைப்பிள்ளைகளைக் கடத்திவந்து கழிவுநீரில் மூழ்கடிப்பதே அவருடைய திட்டம். இந்தப் படத்தின் பொம்மைகளைத்தான் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் சிறுவர்களுக்கான உணவுப் பெட்டிகளில் வைத்துக் கொடுத்தது. அமெரிக்கப் பெற்றோர்கள் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை. 1989இல் வந்த முதல் படம் உலகெங்கும் 41 கோடி டாலருக்கு மேல் ஈட்டியிருக்க, ரிட்டர்ன்ஸ் சுமார் 26.7 கோடியோடு நின்றுவிட்டது. வார்னர் பிரதர்ஸ் பர்ட்டனைத் தயாரிப்பாளர் நாற்காலிக்கு நகர்த்திவிட்டு, இயக்கத்தை ஷூமாக்கரிடம் ஒப்படைத்தது. அதுவரை பேட்மேனாக நடித்த மைக்கேல் கீட்டனும் விலக, வால் கில்மர் முகமூடி அணிந்தார்.

ஷூமாக்கர் கொண்டுவந்த வண்ணங்கள் பேட்மேனுக்கு அந்நியமானவை அல்ல. 1940களிலும் 50களிலும் டிக் ஸ்ப்ராங் வரைந்த சித்திரக்கதைகளில் பேட்மேன் ராட்சதத் தட்டச்சுப்பொறிகளுக்கு நடுவே, பளிச்சென்ற நிறங்களில் சண்டையிட்டவர்தான். 1966இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரோ முழுக்க முழுக்கக் கேலிக்கூத்து. எனவே, இருள்தான் பேட்மேனின் அசல் முகம் என்பது பர்ட்டனுக்குப் பிறகு வந்த தலைமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்ட கதை. ஸ்டீபன் கோல்ட்பிளாட்டின் ஒளிப்பதிவு ஆஸ்கர் பரிந்துரை பெற்றதையும், முதல் வார இறுதியில் படம் 5.28 கோடி டாலர் ஈட்டி அந்நாளைய சாதனையை முறியடித்ததையும் கேலி செய்பவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இதைவிட முக்கியமானது, பளபளப்புக்கு அடியில் ஃபாரெவர் கையில் எடுத்த கேள்வி. பர்ட்டனின் பேட்மேன் கொலை செய்யத் தயங்காதவர். ரிட்டர்ன்ஸில் ஒரு சர்க்கஸ் பலசாலியின் உடலில் வெடிகுண்டைப் பொருத்திவிட்டு, அவனைப் பார்த்து மெல்லப் புன்னகைத்துப் பள்ளத்தில் தள்ளிவிடுவார். அந்தப் படம் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாது. ஃபாரெவரில், தன் பெற்றோரையும் அண்ணனையும் டூ-ஃபேஸ் என்ற வில்லனிடம் பறிகொடுத்த, பின்னர் ராபின் ஆகும் டிக் கிரேசன் பழிவாங்கத் துடிக்கும்போது, புரூஸ் வெய்ன், அதாவது முகமூடி கழற்றிய பேட்மேன், அவனைத் தடுக்கிறார்: டூ-ஃபேஸைக் கொன்றாலும் உன் வலி அவனோடு சாகாது, இன்னும் வளரும், இரவெல்லாம் வேறு வேறு முகங்களைத் தேடி அலைவாய், ஒரு நாள் விழித்துப் பார்க்கும்போது பழி ஒன்றே உன் வாழ்க்கையாகியிருக்கும் என்கிறார். அறிவுரை கேட்பவனைவிடச் சொல்பவரைத்தான் அந்தக் காட்சி அம்பலப்படுத்துகிறது. கில்மர் அதைக் குரலை உயர்த்தாமல், சோர்ந்த முகத்தோடு செய்திருப்பார். அந்த அறிவுரையை டிக் கடைசியில் கடைப்பிடித்து டூ-ஃபேஸை உயிரோடு விட, பேட்மேனோ கைநிறைய நாணயங்களை வீசி அந்த வில்லனை நிலைகுலைந்து விழவைத்துச் சாகடிக்கிறார் என்பதும், தன் பேச்சுக்கே முரணான இந்தச் செயலைப் படம் கவனிக்கவே இல்லை என்பதும் வேறு விஷயம்!

படம் சறுக்கிய இடம் படத்தொகுப்பு மேசை. முதலில் எடுத்த வடிவம், டூ-ஃபேஸ் ஆர்க்கம் மனநல விடுதியிலிருந்து தப்பிச்செல்வதில் தொடங்குவதாக இருந்தது. திரைக்கு வந்த வடிவத்திலோ, கவசம் மாட்டும் நெருக்கக் காட்சிகளுக்குப் பிறகு, சாண்ட்விச் எடுத்துச்செல்லும்படி பணியாளர் ஆல்ஃபிரட் கேட்க, வழியில் வாங்கிக்கொள்வதாக பேட்மேன் சொல்லும் நகைச்சுவைதான் தொடக்கம். அது அப்படியே மெக்டொனால்ட்ஸ் விளம்பரத்துக்கும் போனது. இதைவிடப் பெரிய இழப்பு, புரூஸின் தந்தையின் நாட்குறிப்பு. பெற்றோர் கொலையான இரவில் படத்துக்குப் போகவேண்டும் என்று அடம்பிடித்தது தான்தானோ என்ற குற்றவுணர்வு புரூஸை ஆயுள் முழுக்க அரிக்கிறது. குகைக்குள் அந்த நாட்குறிப்பைப் படித்து, ஆளுயர வௌவால் ஒன்றை நேருக்கு நேர் எதிர்கொண்டு அவர் விடுபடுவதுதான் முதல் வடிவத்தில் கதையின் முதுகெலும்பு. வெளியான படத்தில் நாட்குறிப்பு காட்டப்படுகிறது, அதில் என்ன எழுதியிருந்தது என்பது கடைசிவரை சொல்லப்படுவதில்லை. அதனால்தான் முடிவில், கட்டாயத்தால் அல்ல, விரும்பியே புரூஸ் வெய்னாகவும் பேட்மேனாகவும் இருப்பதாக புரூஸ் அறிவிக்கும்போது, அந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது என்று நமக்குப் புரிவதில்லை.

சிரிப்பும் வண்ணமும் கனமான கதைக்குப் பகையல்ல. முந்தைய 'தோர்' படங்களின் இறுக்கத்தைத் தளர்த்தி 2017இல் டைகா வைடிடி எடுத்த 'தோர்: ரக்னராக்' நிமிடத்துக்கொரு நகைச்சுவையோடு ஓடுகிறது, ஆனால் தோர் தந்தையையும் சுத்தியலையும் ஒரு கண்ணையும் இழக்கிறார், கடைசியில் அவருடைய நாடே அழிகிறது. அந்த இழப்புகளில் ஒன்றைக்கூட வைடிடி வெட்டி எறியவில்லை. ஃபாரெவரோ, தன்னிடம் இருந்த கனத்தைத் தானே இறக்கி வைத்துவிட்டு, லாபம் பார்த்தது. சுமார் 33.6 கோடி டாலர் வந்ததும் ஸ்டூடியோ அந்த லாபத்துக்கு பொம்மைகளையும் நியான் விளக்குகளையும் காரணமாக்கிக்கொண்டது. மிச்சமிருந்த மனித வலியையும் கழற்றிவிட்டு எடுத்ததுதான் பேட்மேன் அண்ட் ராபின்.

நீக்கப்பட்ட காட்சிகள் பல 2005 டிவிடியில் வெளிவந்தன. 2020இல் ஷூமாக்கர் மறைந்த பிறகு, முழு வடிவத்தை வெளியிடும்படி ரசிகர்கள் ஸ்டூடியோவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். அந்த வடிவம் வந்தால் ஃபாரெவர் காவியமாகிவிடும் என்று நான் நம்பவில்லை. ஜிம் கேரி நடித்த இன்னொரு வில்லனான ரிட்லரோடு போட்டிபோட்டு டாமி லீ ஜோன்ஸின் டூ-ஃபேஸ் அதிலும் கத்திக்கொண்டுதான் இருப்பார்.