சீம்பாலைக் கொட்ட வேண்டாம், சேனைக்குத் தேனும் வேண்டாம்

ஒருவர், "பிரசவத்துக்குப் பின் முதல் மூன்று நாள் வருவது கெட்ட பால். அதைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, தேனைத் தொட்டு சேனை வையுங்கள்" என்று எழுதியிருக்கிறார். (பிறந்த குழந்தையின் நாக்கில் பெரியவர் ஒருவர் இனிப்பைத் தொட்டு வைப்பதுதான் சேனை.) அவர் சொல்வது தவறு. பிரசவத்துக்குக் காத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் பின்பற்றாதீர்கள்.

மஞ்சளாக, பிசுபிசுப்பாக வரும் அதுதான் சீம்பால். தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் அதில் செறிவாக இருக்கின்றன. பிறந்த 1 மணி நேரத்துக்குள் பாலூட்டத் தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சில சொட்டுதானே வருகிறது என்று வீட்டில் பயப்படுவார்கள். முதல் நாளில் குழந்தையின் வயிறும் அவ்வளவு சின்னதுதான். அடிக்கடி சப்பினால்தான் பால் ஊறும். சேனையில் வயிறு நிறைந்த பிள்ளை சப்பாது.

தேன் இன்னும் ஆபத்து. அதில் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். அவை குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரந்தால் தசைகள் தளரும், மூச்சே திணறலாம். சாதாரணமாகக் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது. 1 வயது முடியும்வரை தேன் வேண்டவே வேண்டாம்.

வீட்டுப் பெரியவர் கையால் சேனை வைக்கும் ஆசை எனக்கும் புரிகிறது. சரி, குழந்தையை அவர் மடியில் கொடுத்து ஆசி வாங்குங்கள். வாயில் மட்டும் எதையும் வைக்க வேண்டாம்.