ஐந்து ஸ்டார் கார், பின்சீட்டில் பெல்ட் எங்கே?

கார் வாங்கப் போகிறவர்கள் முன்பு மைலேஜ் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார்கள். இப்போது மோதல் பாதுகாப்புச் சோதனையில் எத்தனை ஸ்டார் என்றும் கேட்கிறார்கள். சந்தோஷம். ஆனால் அந்த ஐந்து ஸ்டார் காரில் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பும்போது பின்சீட்டில் யாராவது பெல்ட் போடுகிறார்களா?

கார் கம்பெனிகளுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. 2014-இல் கார்களை மோதவிட்டு ஸ்டார் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியச் சந்தையின் ஐந்து சின்னக் கார்களை மோதவிட்டுப் பார்த்தது. ஆல்டோ, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. ஐந்துக்கும் பூஜ்ஜியம். இதில் ஐ10 நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாரானது. ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய ஐ10-இல் ஏர்பேக் இருந்தது, இங்கே அடிப்படை மாடல் வாங்கியவருக்கு இல்லை. ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்கும் வரைவு 2022-இல் வந்தது. விலை ஏறிவிடும் என்று முணுமுணுத்தார்கள், ஒரு வருடம் தள்ளிப் போட்டார்கள், 2023-இல் கட்டாயமில்லை என்று அமைச்சர் கட்கரியே சொல்லிவிட்டார். சன்ரூஃபுக்கு மட்டும் விலை ஏறினால் யாரும் முணுமுணுப்பதில்லை!

சரி, நம் பக்கம் வருவோம். அந்த ஸ்டார் கொடுக்கும் சோதனையில் உட்காரவைக்கிற பொம்மைகளுக்கு பெல்ட் போட்டுவிட்டுத்தான் காரை மோதவிடுகிறார்கள். பெல்ட் போடாதவருக்கு அந்த மதிப்பெண் பொருந்தாது. ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணை, மாற்று இல்லை. பெல்ட் உடம்பைப் பிடித்து நிறுத்தும்போதுதான் பை சரியாக வேலை செய்யும். முன்சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகிறார்களே, கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும் பைக்கும் பெரியவருக்கும் நடுவில் இருப்பது அந்தக் குழந்தை.

2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் பால்கர் அருகே டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்து நினைவிருக்கும். விலை உயர்ந்த மெர்சிடிஸ். பின்சீட்டில் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸ் சொன்னது. இருவருமே இறந்தார்கள். முன்சீட்டில் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். அப்புறம் ஒரு மாதம் எல்லாரும் பின்சீட் பெல்ட் பற்றிப் பேசினோம். அவ்வளவுதான்.

அதே சமயத்தில், பெல்ட் போடாமலே எச்சரிக்கைச் சத்தத்தை நிறுத்தும் கிளிப்புகள் ஆன்லைனில் ஜோராக விற்றுக்கொண்டிருந்தன. சிலது பாட்டில் ஓப்பனர் என்ற பெயரில்! 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து தளங்களுக்கு உத்தரவு போட்டு, பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட விற்பனைப் பதிவுகளை நீக்கவைத்தது. காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பை இன்னும் கொஞ்சம் காசு கொடுத்து வாயடைக்கிறோம்.

கால் டாக்ஸிகள் தனிக் கதை. பின்சீட்டில் கையை விட்டுத் தேடினால் பெல்ட்டை மாட்டும் பக்கிள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். கேட்டால், "பின்னாடி போலீஸ் பிடிக்க மாட்டாங்க சார், சும்மா உட்காருங்க" என்பார் ஓட்டுநர். பின்சீட்டிலும் பெல்ட் போடவேண்டும் என்று சட்டம் எப்போதோ சொல்லிவிட்டது. ஆனால் நம் ஊரில் பெல்ட் என்பது இன்னும் அபராதத்துக்குப் பயந்து போடுகிற ஒன்றுதான்.

புதுக் காருக்கு சீட் கவர் போடப் போகிறவர்கள் கடைக்காரரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். பின்சீட் பக்கிள்கள், நடு சீட்டுடையதும் சேர்த்து, வெளியே தெரிகிற மாதிரி வெட்டித் தருவாரா? முன்சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால், அது விரிய வழிவிடும் தையல் அந்தக் கவரில் இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்கு அவர் விழித்தால் வேறு கடை பாருங்கள்.