பிரியாணிக்குப் பிறகு ஐஸ் தண்ணீர் குடித்தால் மாரடைப்பா?

"சாப்பிட்டதும் குளிர்ந்த நீர் குடித்தால் எண்ணெய் உறைந்து குடலில் படியும், மாரடைப்பு வரும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி பல வருடங்களாகச் சுற்றுகிறது. இது தவறு.

தட்டில் நெய் உறைவதைப் பார்த்தவர்களுக்கு நம்பத்தான் தோன்றும். ஆனால் தட்டு நம் உடலைப் போல 37 டிகிரி சூட்டில் இருப்பதில்லையே! ஓடும் ரத்தம் வயிற்றைச் சூடாகவே வைத்திருப்பதால், குடித்த நீரும் சிறிது நேரத்தில் உடல் சூட்டுக்கு வந்துவிடும். அப்புறம் சிறுகுடலில், கல்லீரல் சுரந்த பித்தநீர் கொழுப்பைப் பொடித்துளிகளாக உடைக்கும். கணைய நொதி அதைச் செரிக்கும். செரித்த கொழுப்பில் பெரும்பகுதி நிணநீர் நாளங்கள் (திசுக்களில் வடியும் திரவத்தை ரத்தத்துக்குத் திருப்பும் நுண்குழாய்கள்) வழியாகக் கழுத்தடியில் உள்ள சிரையை அடைந்துதான் ரத்தத்தில் கலக்கும்.

இதயத் தமனியில் கொழுப்புப் படிவது பல ஆண்டுக் கதை. புகை, சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் போன்றவைதான் அதற்குத் துணை. ஐஸ் தண்ணீரால் சிலருக்குப் பல் கூசலாம், சரி.

நெஞ்சுவலி வந்தால் வெந்நீர் தேடாமல் 108-ஐ அழையுங்கள்.