சான்றிதழ் குடுத்தாச்சு, வேலை ஆர் குடுக்கிறது?

சிறையால வாற பெடியளுக்குத் தொழிற்பயிற்சி குடுக்க வேணும் எண்டு மேடையில சொல்லாத ஆள் இல்லை. நல்ல விசயம். ஆனால் யாழ்ப்பாணத்தில பெரிய குறை பயிற்சியில இல்லை எண்டுதான் எனக்குப் படுகுது. தொழிற்பயிற்சி அதிகார சபை இருக்கு, வேலைத்தளத்தில விட்டுத் தொழில் பழக்கிற அரச நிறுவனம் நைட்டா இருக்கு, தொழில்நுட்பக் கல்லூரி இருக்கு. முந்தியே மேசனுக்குக் கையாளா நிண்டவன் வகுப்புக்குப் போகாமல், தெரிஞ்ச வேலையைச் செய்து காட்டியே என்.வி.கியூ. எண்ட தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கவும் வழி இருக்கு.

ஆக்கள் கதைக்காத பக்கம் வேற. உள்ளுக்குப் போறவையில கனபேர் தண்டனைக் கைதிகள் இல்லை, வழக்கு முடியமுதல் தடுத்து வைக்கிற விளக்கமறியல்காரர். 14 நாள், பிறகும் 14 நாள் எண்டு இழுபட்டு மாதக்கணக்காகும். சிறைக்குள்ள தொழில் பழக்கிறது பெரும்பாலும் தண்டனை பெற்றவைக்குத்தான். விளக்கமறியல்காரன் காலமை கோட்டுக்குப் போனால் பின்னேரம் பிணையில வீட்டை நிப்பான். அவனும் ஆயத்தமில்லை, வீட்டாரும் ஆயத்தமில்லை. இளம் குற்றவாளிகளைத் திருத்தவெண்டு இருக்கிற நிலையங்களோ பல்லன்சேனையிலயும் தல்தெனையிலயும். ஒண்டு நீர்கொழும்புப் பக்கம், மற்றது பதுளை. இஞ்சயிருந்து ஒரு தாய் நினைச்சவுடன போய்ப் பாக்கிற தூரமே அது?

சரி, வந்தவன் ஒரு கராஜில சேந்திட்டான் எண்டு வையுங்கோ. வழக்குத் தவணைக்கு ஒரு நாள், பொலிஸில கையெழுத்து வைக்க ஒரு நாள், சட்டத்தரணியைப் பாக்க அரை நாள். ரெண்டு மூண்டு தரம் சொல்லாமல் வேலைக்கு வராமல் நிண்டால் முதலாளி “இனி வராத தம்பி” எண்டிடுவார். அவரிலயும் பிழை சொல்லேலாது. வெக்கத்தில பெடியன் காரணத்தைச் சொல்லியிருக்க மாட்டான். அவனுக்கு வேண்டிய வழிகாட்டி, அவன்ர தவணைத் திகதி தெரிஞ்ச, முதலாளியோட முன்கூட்டியே கதைக்கக்கூடிய ஒரு ஆள். ஓய்வுபெற்ற வாத்தியாராயும் இருக்கலாம், பழைய மெக்கானிக்காயும் இருக்கலாம். புத்திமதி சொல்ல ஊரில ஆக்களுக்குப் பஞ்சமில்லை.

அடுத்தது காசு. வேலை பழகிற முதல் மாதங்களில வாற சம்பளம் பஸ்சுக்கும் சாப்பாட்டுக்கும் காணாது. அந்த நேரம் பாத்து பழைய கூட்டாளி மோட்டச்சைக்கிளில ஒழுங்கை முகப்பில வந்து நிப்பான், பொக்கற் நிறையக் காசோட. கோபுரத்துக்கும் தேருக்கும் அனுப்புற வெளிநாட்டுச் சொந்தங்கள் ஒரு பெடியன்ர அரைச் சம்பளத்தை ஆறு மாதத்துக்குப் பொறுப்பெடுத்தால் என்ன? (கோபுரம் வேண்டாமெண்டு சொல்லேல்லை, சண்டைக்கு வராதேங்கோ.)

ஒரு பெடியன் பிடிபட்ட அண்டைக்கு அவன்ர படத்தோட பகிர்ந்து தூஷணத்தில கொமன்ட் அடிக்கிறம். வழக்குத் தள்ளுபடியான அண்டைக்கு ஒரு வரி போடுறமே? அந்தப் படத்தை ஆரோ போனில முதலாளிக்குக் காட்டுவினம், அதோட வேலை போச்சு.

“ஒழுங்கான பெடியளுக்கே வேலை இல்லை, உவங்களுக்கோ?” எண்டு கேப்பியள். வீடு கட்ட மேசன் இல்லை, வயரிங் பெடியன் வாறனெண்டிட்டு வரேல்லை எண்டு புறுபுறுக்கிறதும் நாங்கள்தானே. களவெடுத்தால்? எடுக்கலாம். அதுக்காக முதல் நாளே கல்லாப்பெட்டியில இருத்தச் சொல்லேல்லை. வாள்வெட்டு வழக்குக்காரனையும், அபராதம் கட்டக் காசில்லாமல் உள்ள போனவனையும் ஒண்டாப் பாக்காதேங்கோ எண்டுதான் சொல்லுறன்.

சுன்னாகம், கோப்பாய், நெல்லியடிப் பக்கம் கராஜ், வெல்டிங், அலுமினிய வேலை வச்சிருக்கிற அண்ணைமார், ஒரு இடம் தரலாமெண்டால் உள்பெட்டியில எழுதுங்கோ. என்ன வழக்கு எண்டு கேளுங்கோ, அது உங்கட உரிமை. பேரை மட்டும் இஞ்ச பொதுவில கேக்காதேங்கோ.