கார் பிரியருக்குப் பரிசா? பெர்ஃப்யூம் பாட்டிலைக் கீழே வையுங்கள்

புதுக் கார் எடுத்த வீட்டுக்குப் போகிறவர்கள் கையில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும். ஒன்று ஜெல் பெர்ஃப்யூம், இல்லாவிட்டால் டேஷ்போர்டில் ஒட்டும் பிள்ளையார். கொடுப்பவர் மனசு நல்ல மனசுதான், ஆனால் இரண்டுமே காருக்கு ஆகாதவை. ஜெல் பாட்டில் வெயிலில் கசிந்தால் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கில் அழியாத திட்டு விழும். பிள்ளையார் விஷயம் அதைவிடப் பெரிது. இடது பக்க டேஷ்போர்டில் எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக் என்று எழுத்து அச்சாகியிருக்கும் மூடிக்கு அடியில்தான் பயணியின் காற்றுப்பை மடிந்து கிடக்கிறது. மோதல் நடந்தால் கண் சிமிட்டும் நேரத்துக்குள் அந்த மூடி கிழிந்து பை வெளியே வரும். மேலே ஒட்டிய உலோகச் சிலை அப்போது யார் முகத்துக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சாமி வேண்டும் என்றால் டேஷ்போர்டின் நடுவில், கண்ணாடியை மறைக்காத உயரத்தில், லேசான சிறிய படமாக ஒட்டுங்கள்.

என் கருத்து ஒன்றுதான். ஆக்சசரி கடைகளில் கண்ணைப் பறிக்கிற பொருட்களில் பாதி, கார் கம்பெனி பார்த்துப் பார்த்துச் செய்த பாதுகாப்பைக் கெடுக்கிறவை. உண்மையில் உதவுகிற பொருட்கள் அழகாக இருக்காது, கிஃப்ட் பேப்பரில் சுற்றினாலும் எடுப்பாகத் தெரியாது. ஆனால் நடுராத்திரி நெடுஞ்சாலையில் கை கொடுப்பவை அவைதான்.

முதலிடம் டயருக்கு. ஒரு டிஜிட்டல் காற்றழுத்த கேஜ் 500 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. பெட்ரோல் பங்க்கில் இருக்கிற கேஜ் நாள் முழுக்க அடிபட்டு, கீழே விழுந்து வேலை செய்வது. பங்க்குக்குப் பங்க் 3, 4 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வித்தியாசம் காட்டுவது சாதாரணம். எவ்வளவு காற்று வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்காதீர்கள். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயர் 3, 4 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். "அதிகமா இருக்கே" என்று அப்போது இறக்கினால் மறுநாள் காலை குறைவாக நிற்கும்.

கொஞ்சம் செலவு செய்ய முடியுமென்றால் 2,000 முதல் 3,500 ரூபாய்க்குள் ஒரு ஏர் பம்ப். தேவையான அளவை வைத்துவிட்டால் தானாக நிற்கிற மாடலாக இருக்கட்டும். 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் வகை சுமார் 10 ஆம்பியர் வரை இழுக்கும். அதனால் இன்ஜினை ஓடவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும், மூடிய கராஜுக்குள் கூடாது. சாக்கெட்டின் ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று மேனுவலில் பார்த்து, அதே அளவில் இரண்டு ஃபியூஸைப் பரிசுப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுங்கள். 10 நிமிடம் தொடர்ந்து ஓடினால் பம்புக்கு ஓய்வு வேண்டும். குழாய் முனையிலுள்ள பித்தளைத் திருகு கையைச் சுடும் அளவுக்குச் சூடாகும், துணி வைத்துக் கழற்றுங்கள். திருகு வகை முனையைக் கழற்றும்போது கொஞ்சம் காற்று 'புஸ்' என்று வெளியேறும் என்பதால், 1 பி.எஸ்.ஐ. கூட்டி வைத்தால் கணக்கு சரியாக இருக்கும். இன்னொன்று: காற்று முழுக்க இறங்கி, டயரின் விளிம்பு ரிம்மை விட்டு விலகிவிட்டால் இந்தச் சின்னப் பம்பால் ஒன்றும் செய்ய முடியாது. ஊத ஊத ஓரத்தில் வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதற்குப் பங்க்சர் கடைதான் கதி, அல்லது ஸ்டெப்னி.

கூடவே ஒரு டியூப்லெஸ் பங்க்சர் கிட். 300, 400 ரூபாய் பொருள், ஆனால் முறை தெரியாமல் குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும். ஆணி எந்தச் சாய்வில் இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, இடுக்கியால் பிடுங்குங்கள். அரம் போலிருக்கும் துளைக்கோலை அதே சாய்வில் விட்டு 10, 15 தடவை மேலும் கீழும் இழுக்க வேண்டும். இதில் சோம்பல் பட்டால் ரப்பர் திரி ஒட்டாது. திரியை ஊசிக் காதில் சரிபாதியாகக் கோத்து, சொல்யூஷன் தடவி, இரண்டு வாலும் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வெளியே நிற்கும்வரை அழுத்தி, ஊசியைத் திருகாமல் ஒரே இழுப்பில் உருவுங்கள். மிச்ச வாலை 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டிவிட்டு, காற்றடித்துச் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். குமிழி வராவிட்டால் கிளம்பலாம். இதெல்லாம் சாலையில் படும் முகப்புப் பகுதிக்கு மட்டும்தான். பக்கவாட்டில் ஆணி ஏறியிருந்தாலோ, ஓட்டை 6 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ திரி போடவே கூடாது. டயரை மாற்ற வேண்டியதுதான்.

ஸ்டெப்னி மாற்றுவதில் பலர் மாட்டிக்கொள்வது ஜாக்கியில் இல்லை, நட்டில். கடையில் ஏர் கன் வைத்து இறுக்கிவிடுகிறார்கள். வண்டியோடு வரும் குட்டையான வீல் ஸ்பேனரில் ஏறி நின்று மிதித்தாலும் அசையாது. ஒரு கூட்டல் குறி ஸ்பேனர், அல்லது கைப்பிடி நீளும் ஸ்பேனர் வாங்கிக் கொடுத்தால் அவர் வீட்டு அம்மாவே கழற்றிவிடலாம். அளவு முக்கியம்: மாருதியில் பெரும்பாலும் 19 மில்லிமீட்டர், ஹூண்டாயில் 21. பரிசு பெறுபவர் வண்டியில் ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்திவிட்டு அப்புறம் ஜாக்கி, குறுக்கே எதிர் மூலையில் இருக்கும் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல், மாட்டும்போது எதிரெதிர் நட்டாக இறுக்குவது. இந்த வரிசை தெரிந்தால் போதும். புதிய கார்கள் பலவற்றில் ஸ்டெப்னி சின்ன அளவு, அதில் 80 கிலோமீட்டர் வேகம்தான் எல்லை என்று மஞ்சள் ஸ்டிக்கரே சொல்லும்.

டேஷ்கேம், அதாவது சாலையைப் பதிவு செய்யும் கார் கேமரா, இப்போது எல்லோரும் கேட்கிற பரிசு. நல்ல பொருள்தான், ஆனால் வாங்குவதில் மூன்று இடத்தில் கோட்டை விடுகிறார்கள். முதலாவது, உள்ளே லித்தியம் பேட்டரி உள்ள மாடல். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் கண்ணாடிக்குப் பின்னால் அது உப்பிவிடும். பேட்டரிக்குப் பதில் கெபாசிட்டர் உள்ளது என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, மெமரி கார்டு. போனுக்குப் போடுகிற சாதாரணக் கார்டு, இடைவிடாமல் அழித்து எழுதுவதைத் தாங்காது. விபத்து நடந்த அன்றைக்குத்தான் பதிவே இல்லை என்று தெரியவரும். ஹை எண்டியூரன்ஸ் என்று விற்கும் கார்டை வாங்கி, மாதம் ஒரு தடவை கேமராவிலேயே ஃபார்மட் செய்யச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஒயரிங். வண்டி ஒயரை வெட்டி ஒட்டுப் போட விடாதீர்கள், வாரண்டி கேள்விக்குறியாகும். ஃபியூஸ் பெட்டியில் செருகி மின்சாரம் எடுக்கிற ஃபியூஸ் டேப் (tap) 150 ரூபாய்கூட ஆகாது. முன் தூண் வழியாக ஒயர் இறக்கும்போது, அங்கே கர்ட்டன் ஏர்பேக் (பக்க ஜன்னலை மறைத்து விரியும் காற்றுப்பை) இருந்தால் அதற்குப் பின்னால் போக வேண்டும், முன்னால் போனால் பை விரியும் பாதையில் ஒயர் குறுக்கே நிற்கும். பார்க்கிங் மோடு, அதாவது வண்டி நிற்கும்போதும் கேமரா ஓடுவது, வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு: கேமரா 0.3 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் ஹவர். சின்னக் காரின் பேட்டரி 35 ஆம்பியர் ஹவர்தான். ஊருக்குப் போய் மூன்று நாள் கழித்து வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போக நல்ல வாய்ப்பு. மின்னழுத்தம் குறைந்தால் தானாகத் துண்டிக்கும் ஹார்டுவயர் கிட் இல்லாமல் பார்க்கிங் மோடு போடாதீர்கள்.

இனி கொடுக்கக் கூடாதவை. இதில் எனக்குக் கோபமே உண்டு.

சீட் கவர். 6 ஏர்பேக் வண்டி என்று பெருமையாக வாங்கிவிட்டு, முதல் வாரமே தடித்த ரெக்சினைப் போர்த்துகிறார்கள். பக்கவாட்டு ஏர்பேக் முன் சீட்டின் வெளிப்புறத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் வரும். அந்த ஓரத்தில் குட்டியாக ஏர்பேக் என்று துணி லேபிள் தொங்கும், பாருங்கள். கவர் போட்டே ஆக வேண்டும் என்றால் அந்த ஓரம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். "ஏர்பேக் கட்டிங் இருக்கு சார்" என்ற வாய் வார்த்தை போதாது, விரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பம்பர் கார்டு. 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இவற்றைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதலில் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளத்தான் காரின் மூக்கு இருக்கிறது. அதற்கு முன்னால் இரும்புக் குழாயைக் கட்டினால் அடி நேராகச் சேஸிஸுக்குப் போகும், ஏர்பேக் சென்சாரின் கணக்கும் குழம்பும். நடந்து போகிறவர் கால் என்ன ஆகும் என்பது தனிக் கதை.

கறுப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாது என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் எல்லோரும் அறிந்ததே. முன், பின் கண்ணாடி 70 சதவீதமும் பக்கக் கண்ணாடி 50 சதவீதமும் வெளிச்சத்தை விட வேண்டும் என்பது விதி. வெயிலுக்கு, நிறுத்தும்போது முன் கண்ணாடியில் வைக்கும் மடக்குத் திரை வாங்கிக் கொடுங்கள், 400 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

பவர் பல்பு பித்து இன்னும் தீரவில்லை. 60/55 வாட் எச்4 ஹெட்லைட் பல்பு இருந்த இடத்தில் 100/90 போட்டால் மின்னோட்டம் 5 ஆம்பியரிலிருந்து 8-க்கு மேல் போகிறது. ஒயரில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மடங்கு. அதனால்தான் ஹோல்டர் முதலில் பழுப்பாகி, பிறகு உருகுகிறது. ஆலசனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பைச் செருகினால் ஒளி சாலையில் விழாமல் எதிரே வருபவர் கண்ணில் விழும். வெளிச்சம் போதவில்லை என்கிற நண்பருக்கு, மஞ்சளடித்த ஹெட்லைட் கண்ணாடியைப் பாலிஷ் போட்டு, லைட்டின் உயரத்தைச் சரிசெய்து கொடுங்கள். பாதிக் குறை அதிலேயே தீரும்.

பழைய மேட்டின் மேல் புது மேட் போடாதீர்கள், டிரைவர் பக்கம் கொக்கியில் மாட்டாத மேட்டும் வேண்டாம். மேட் நகர்ந்து ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொள்ளும் ஆபத்துக்காகவே 2009-ல் அமெரிக்காவில் டொயோட்டா சுமார் 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சீட் பெல்ட் அலாரத்தை ஏமாற்றும் கிளிப்பைப் பற்றிப் பேசவே எரிச்சல். 2023-ல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டு ஆன்லைன் தளங்களிலிருந்து தூக்க வைத்த பொருள் அது.

வண்டியைத் துடைத்துக்கொண்டே இருக்கும் ரகம் ஒன்று உண்டு. அவருக்கு 300, 400 ஜி.எஸ்.எம். (துணியின் கனத்தைச் சொல்லும் அளவு) மைக்ரோஃபைபர் துணி ஆறு, 800 ஜி.எஸ்.எம்-க்கு மேல் கனமான டவல் ஒன்று, இரண்டு வாளி, ஒரு கார் ஷாம்பு. ஒரு வாளியில் ஷாம்பு, மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். பாத்திரம் கழுவும் லிக்விட் மேலிருக்கும் மெழுகை எல்லாம் எடுத்துவிடும். சென்னை போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் உப்புப் புள்ளி கண்ணாடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நிழலில் கழுவி, காய்வதற்குள் துடைக்க வேண்டும், கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது. மைக்ரோஃபைபரைத் துணி மென்மையாக்கும் லிக்விடில் ஊறப் போட்டால் அதன் உறிஞ்சும் குணம் போய்விடும்.

பானெட்டைத் திறந்து பார்ப்பதே பொழுதுபோக்கு என்கிறவருக்கு ஓ.பி.டி. ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டர் பதிவு செய்யும் கோளாறுகளைப் படிக்கும் கருவி), ப்ளூடூத் வகை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் போர்ட்டில் செருகினால் போனிலேயே கோளாறுக் குறியீடு வரும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அங்கே எரிபொருள் சரியாக எரியவில்லை. மெக்கானிக்கிடம் போகும்முன் இது தெரிந்தால் பேச்சே வேறு. வேலை முடிந்ததும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள், அதுவும் பேட்டரியைக் குடிக்கும். அடுத்த படியில் ஒரு டார்க் ரெஞ்ச், அதாவது நட்டைக் குறித்து வைத்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர். நட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்தக் கூடாது, இறுக்க மட்டும்தான். வேலை முடிந்ததும் அளவைக் கீழெல்லைக்குத் திருப்பி வைக்க வேண்டும்.

கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு நாலைந்து பேர் சேர்ந்து ஐசோஃபிக்ஸ் (சீட்டிலுள்ள கொக்கியில் நேராக மாட்டும் வகை) குழந்தை இருக்கை வாங்கிக் கொடுக்கலாம். பின்னோக்கிப் பார்க்கும் இருக்கையை, ஏர்பேக் இயங்கும் முன் சீட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது. பின் சீட்டின் இடுக்கில் இருக்கும் கொக்கியில் 'க்ளிக்' என்று இரண்டு பக்கமும் விழுந்து பச்சை தெரிகிறதா என்று பார்த்துவிட்டே வீட்டுக்குக் கிளம்புங்கள்.

பொருளே வேண்டாம் என்கிறவரைக் கோயம்புத்தூர் பக்கம் போனால் அவினாசி ரோட்டில் இருக்கும் ஜீடீ கார் மியூசியத்துக்குக் கூட்டிப் போங்கள், பழைய கார்களைவிட்டு நகர மாட்டார். சிறிய பட்ஜெட்டுக்கு அவர் ஓட்டுகிற அதே வண்டியின் மினியேச்சர். 1:64 அளவென்றால் மேஜை மேல் நிற்கும், 1:18 என்றால் அலமாரியில் தனி இடம் கேட்கும். ஹாட் வீல்ஸ் என்றால் அட்டையைப் பிரித்துவிட்டுக் கொடுக்காதீர்கள், சேகரிப்பவர்கள் அந்த அட்டைக்கே சண்டை போடுவார்கள்.