பொது லைப்ரரியைப் பிராஞ்சோடு கட்டாதீர்கள், கமிட்டோடு கட்டுங்கள்

நாலைந்து ரெப்போக்களுக்கும் (கோடும் அதன் வரலாறும் இருக்கும் இடங்கள்) பொதுவான லைப்ரரியை ஒவ்வொன்றிலும் காப்பி செய்து போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. ஒரு பிழையை ஐந்து இடத்தில் திருத்த வேண்டும், நான்கில்தான் திருத்துவார்கள். அதை விட்டு, கிட்டில் ஒரு ரெப்போவை இன்னொன்றோடு இணைக்கும் வழியான சப்மாட்யூலுக்கு வந்தவர்களில் பலரும் ஆறே மாதத்தில் அதைத் திட்ட ஆரம்பிக்கிறார்கள். அந்தத் திட்டு சப்மாட்யூலுக்குச் சேர வேண்டியதில்லை.

சப்மாட்யூல் என்பது தாய் ரெப்போவுக்குள் (லைப்ரரியைப் பயன்படுத்தும் ரெப்போ) ஒரு ஃபோல்டர் அல்ல. 160000 என்ற மோடில் பதிவாகும் ஒரு கமிட் எண், அதாவது லைப்ரரியின் ஒரு குறிப்பிட்ட நிலையின் அடையாளம், அவ்வளவுதான். கிட்மாட்யூல்ஸ் ஃபைலில் பொதுவாக முகவரியும் பாதையும்தான் இருக்கும். அதில் பிராஞ்ச் (புதுக் கமிட் சேரச் சேர நகரும் கிளை) பெயரையும் எழுதிவிட்டால் தானாகப் புதுசுக்கு மாறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மாறாது. அப்டேட்டில் ரிமோட் ஆப்ஷன் கொடுத்தால்தான் அந்த வரிக்கே வேலை. மாறாமல் இருப்பதுதான் இதன் பலமே: இன்று பில்ட் ஆனது அடுத்த வருஷமும் அதே லைப்ரரியோடு பில்ட் ஆகும்.

அதிகம் அடிபடுவது இந்த இடத்தில். சக ஊழியர் சப்மாட்யூலை முன்னே நகர்த்தி புஷ் செய்திருக்கிறார். நீங்கள் வெறும் புல் மட்டும் செய்கிறீர்கள். தாய் ரெப்போ புதிது, உங்கள் டிஸ்க்கில் லைப்ரரி பழையது. ஸ்டேட்டஸில் ‘மாடிஃபைட், நியூ கமிட்ஸ்’ என்று ஒரு வரி வரும். கவனிக்காமல் ஆட் டாட் போட்டு, அதாவது மாறியதையெல்லாம் மொத்தமாகச் சேர்த்து, கமிட் செய்தால் லைப்ரரி சத்தமில்லாமல் பின்னுக்குப் போய்விடும். ரிவ்யூ செய்பவர் கண்ணில் படுவது 40 எழுத்து ஹாஷ் (அதுதான் கமிட் எண்) உள்ள இரண்டே வரி. மேலே மைனஸ், கீழே பிளஸ். லைப்ரரியின் வரலாற்றில் எது முந்தியது, எது பிந்தியது என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இதற்கு மூன்று கான்ஃபிக் போதும். சப்மாட்யூல் டாட் ரிகர்ஸை ட்ரூ என்று வையுங்கள். புல், செக்அவுட் இரண்டும் லைப்ரரியையும் சேர்த்து நகர்த்தும். குளோனுக்கு மட்டும் இது பொருந்தாது, அங்கே ரிகர்ஸ் ஆப்ஷனைக் கையால் கொடுத்தே ஆக வேண்டும். டிஃப் டாட் சப்மாட்யூலை லாக் என்று வைத்தால் ஹாஷுக்குப் பதில் இடையில் உள்ள கமிட் தலைப்புகள் தெரியும், பின்னுக்குப் போயிருந்தால் அதுவும் தெரியும். புஷ் டாட் ரிகர்ஸ்சப்மாட்யூல்ஸை செக் என்று வையுங்கள். லைப்ரரியை புஷ் செய்யாமல் தாயை மட்டும் புஷ் செய்தால் கிட் அங்கேயே தடுத்துவிடும். இல்லாவிட்டால் சிஐ சர்வரில் (ஒவ்வொரு புஷ்ஷையும் தானாக பில்ட் செய்து சோதிக்கும் சர்வர்) ‘நாட் அவர் ரெஃப்’ என்று விழும், அதற்குள் மற்ற எல்லோருடைய பில்டும் உடைந்திருக்கும்.

இந்த செக் அமைப்பில் சிக்காத ஒன்றும் உண்டு. லைப்ரரியின் ஃபீச்சர் பிராஞ்சில் உள்ள கமிட்டைத் தாய் சுட்டுகிறது. பிறகு அந்தப் பிராஞ்சை ஸ்குவாஷ் மெர்ஜ் செய்து, அதாவது அதன் கமிட்டுகளை ஒரே புதுக் கமிட்டாக மெயினில் சேர்த்து, அழித்துவிடுகிறார்கள். மெயினில் இருப்பது வேறு ஹாஷ். பழைய கமிட் எந்தப் பிராஞ்சிலும் இல்லை. புஷ் செய்த நேரத்தில் அது சர்வரில் இருந்ததால் செக் விட்டுவிட்டது. புதிதாக குளோன் செய்பவர்தான் மாட்டிக்கொள்வார். மெயினில் சேர்ந்த கமிட்டைத் தவிர வேறெதையும் தாய் ரெப்போவில் ஏற்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கிட்டின் இன்னொரு வழியான சப்ட்ரீயில் இந்தத் தொல்லை கிடையாது, கோடு தாய்க்குள்ளேயே வந்துவிடும். லைப்ரரியைப் படிக்க மட்டும் செய்யும் ரெப்போவுக்கு அது நல்லது. திருத்தத்தை லைப்ரரிக்குத் திருப்பி அனுப்பும்போது, அதன் பகுதியைப் பிரித்தெடுக்கும் ஸ்பிளிட் கமாண்ட் முழு வரலாற்றையும் நடந்து பார்க்கும். பெரிய ரெப்போவில் அது மெதுவாகத்தான் நகரும். லைப்ரரி நிதானமாக, வெர்ஷன் போட்டு வெளியாகிறது என்றால் பேக்கேஜாக்கி லாக் ஃபைலையும் (எந்த வெர்ஷன் என்று துல்லியமாகப் பதியும் ஃபைல்) கமிட் செய்துவிடுவது மேல். கமிட்டுக்கு வைக்கும் பெயரான டேக்கை மட்டும் நம்பாதீர்கள், டேக்கை நகர்த்த முடியும். 2025 மார்ச்சில் டிஜே-ஆக்ஷன்ஸின் சேஞ்ட்-ஃபைல்ஸ் என்ற கிட்ஹப் ஆக்ஷனில் ஊடுருவியவர்கள் பழைய டேக்குகளையே தீய கமிட்டுக்குத் திருப்பிவிட்டார்கள்.

சிஐயில் ஒரு வரி சேருங்கள்: சப்மாட்யூல் ஃபோல்டருக்குள் போய் மெர்ஜ்-பேஸை இஸ்-ஆன்செஸ்டர் ஆப்ஷனோடு ஓட்டி, சுட்டும் கமிட் ஆரிஜின் மெயினில் இருக்கிறதா என்று கேளுங்கள். 0 வந்தால் இருக்கிறது, 1 வந்தால் இல்லை. தாய் முன்பு சுட்டிய கமிட் இப்போது சுட்டும் கமிட்டுக்கு முன்னோடியா என்று அதே கமாண்டை இன்னொரு முறை ஓட்டினால் பின்னுக்குப் போனதும் சிக்கும். டெப்த் 1 வைத்து, அதாவது கடைசிக் கமிட்டை மட்டும், இழுக்கும் சிஐயில் வரலாறே இருக்காது, சோதனை பொய்யாகத் தோற்கும். இந்த ஜாபுக்கு மட்டும் முழு வரலாற்றையும் இழுங்கள்.